மச்சானின் இடது கை

1

கனடாவில் இருப்பவனிடம் எல்லாவற்றுக்கும் ஒரு மெஷின் இருக்கும் என்று செங்கல்பட்டில் ஒரு நம்பிக்கை. முட்டிவலிக்கு மெஷின் கேட்டிருக்கிறார்கள், குறட்டைக்குக் கேட்டிருக்கிறார்கள். எங்கள் தெருக்காரர் ஒருவர், மாமியாரின் பேச்சைக் குறைக்க அங்கே ஏதாவது வந்திருக்கிறதா என்று வாட்ஸாப்பில் விசாரித்தார். நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ‘பார்க்கிறேன்’ என்று சொல்லிப் பழகிவிட்டேன். வெளிநாட்டில் இருப்பவன் இல்லை என்று சொன்னால் அதைக் கஞ்சத்தனம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

நாங்கள் இங்கே வந்து இறங்கியது இதே மாதத்தில்தான். வருடா வருடம் என் மனைவி ரஹ்மத் அந்த நாளில் பாயசம் வைப்பாள். வெளியே பனி கொட்டும். ‘எதுக்கு வந்தோம், என்னத்தைக் கண்டோம்’ என்று நான் ஒரு சொற்பொழிவை ஆரம்பிப்பேன். பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் நஸ்ரின் காதில் எதையாவது செருகிக்கொள்வாள். இந்த வருடம் பாயசம் மட்டும் நடந்தது, சொற்பொழிவு நடக்கவில்லை. பேசுவதற்கு அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டது. அதற்குக் காரணம் என் அக்கா புருஷன் பஷீர் மச்சானின் இடது கை.

முதலில் என் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

2

டொராண்டோவுக்கு மேற்கே ஒரு சிறிய ஊரில், ரொட்டி செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. காலை ஷிஃப்ட். இருட்டிலேயே எழுந்தாக வேண்டும். இது எனக்கு வராத காரியம், காரணமும் உண்டு. எங்கள் வீடு செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிறது. முதல் எலெக்ட்ரிக் ரயிலிலிருந்து நள்ளிரவு கூட்ஸ் வரை எல்லாச் சத்தத்தையும் தாண்டித் தூங்கி வளர்ந்தவர்கள் நானும் அக்காவும். எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவர்கள் ராத்திரி முழுக்க விழித்திருந்து காலையில் சிவந்த கண்ணோடு நாஸ்தா சாப்பிடுவார்கள். சத்தத்துக்கு எழுகிற குடும்பம் இல்லை நாங்கள். அலாரம் எல்லாம் எங்களுக்குத் தாலாட்டு.

இங்கே தாமதமாகப் போனால் திட்டமாட்டார்கள். ‘உங்கள் நலனில் எங்களுக்கு அக்கறை உண்டு’ என்று ஆரம்பிப்பார்கள். அதற்குத் திட்டே தேவலை. நலவாழ்வுப் பிரிவு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அங்கே ஓர் அம்மையார் என் தூக்கத்தைப் பற்றி, என் திருமணப் பேச்சில்கூட யாரும் கேட்காத கேள்விகளையெல்லாம் கேட்டார். கடைசியில் ஒரு கைப்பட்டையைப் பரிந்துரைத்தார்.

பார்க்கக் கறுப்பு ரப்பர் பட்டை. சொன்ன நேரத்துக்கு மணிக்கட்டில் நடுங்கும். நாம் கண்டுகொள்ளவில்லை என்றால் சுரீர் என்று சின்னதாக ஒரு ஷாக் வைக்கும். ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டால் வருமே, அதற்குத் தங்கை மாதிரி. இது எழுப்புவதற்கு. இதைத் தவிர, விட நினைக்கிற கெட்ட பழக்கம் எதுவோ அதையும் விட வைக்குமாம். நகம் கடிப்பவர், புகை பிடிப்பவர் யாராக இருந்தாலும், கை வாய்ப்பக்கம் போவதை மோப்பம் பிடித்து உடனே நடுங்கும். வண்டி ஓட்டும்போது கண் செருகினாலும் நாடித்துடிப்பை வைத்துத் தெரிந்துகொண்டு உலுக்கிவிடுமாம்.

வாங்கிக் கட்டினேன். முதல் நாள் ஷாக் அடித்ததும் நான் தூக்கத்தில் கையை வீசியதில் ரஹ்மத்தின் மூக்கில் பட்டது. அவள் எழுந்தாள், என்னையும் எழுப்பினாள், அதற்குப் பிறகு ஷிஃப்டுக்குக் கிளம்பும் வரை எனக்குத் தூக்கம் என்கிற நினைப்பே வரவில்லை. ஒரு வாரம் இப்படியே போயிற்று. பட்டை அவளை எழுப்பும், அவள் என்னை எழுப்புவாள். அலுவலகத்தில் அந்த அம்மையார் நல்ல முன்னேற்றம் என்று பாராட்டினார்.

3

அந்த நேரத்தில்தான் அக்கா போன் செய்தாள். கோடை விடுமுறைக்கு நாங்கள் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். வழக்கமாக என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்பாள், சென்ட்டும் சாக்லேட்டும் வாங்கிப் போவேன். இந்தத் தடவை நான் கேட்பதற்கு முன்பே அவள் பேசினாள்.

“நீ இன்னா வேணா எட்த்துகினு வா, வராம போ. இந்த மனுசன் தூங்காம வண்டி ஓட்றதுக்கு ஒரு வழி சொல்லு. எனக்கு அது போதும்.”

மச்சான் மீன் வியாபாரி. அதிகாலை மூன்றரைக்கு எழுந்து, குட்டியானை லோடு வண்டியை எடுத்துக்கொண்டு கருங்குழி, மதுராந்தகம் வழியாகக் கடப்பாக்கம் போவார். கரையில் படகு வந்ததும் ஏலம் எடுப்பார். பெட்டியில் ஐஸ் போட்டு, கடற்கரைச் சாலையிலேயே மாமல்லபுரம் வந்து ஓட்டல்களுக்குக் கொடுப்பார். அங்கே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டீ. பிறகு மீதி மீனோடு திருக்கழுக்குன்றம் வழியாக செங்கல்பட்டு மார்க்கெட். இந்தக் கடைசித் துண்டு சாலையில்தான் ஆபத்து. பாரம் குறைந்துவிடும், வெயில் முதுகில் ஏறும், கண் தானாக மூடும். சித்திரை மாதத்தில் ஒரு நாள் வண்டி சாலையை விட்டு இறங்கி ஒரு வயலில் போய் நின்றது. ஒரு முழம் தள்ளி மின்கம்பம்.

மச்சான் அதை ஒரு தமாஷாகத்தான் எல்லாருக்கும் சொல்வார். மீன் பெட்டி உருண்டது, எங்கிருந்தோ கொக்குகள் வந்தன, இந்த ஜில்லாவில் வஞ்சிரம் சாப்பிட்ட கொக்கு அவை மட்டும்தான் என்பார். தூங்கிவிட்டீர்களா என்று கேட்டேன். “நான் எங்க மச்சான் தூங்கனேன்? கண்ண மூடிகினு யோசிச்சேன், அவ்ளோதான்” என்றார். கேட்பவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். அக்கா அந்த இடத்தில் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

அவளுக்கு அந்த மின்கம்பம்தான் கண்ணில் நிற்கிறது. எனக்கும்தான். பட்டையைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். என்னை எழுப்பத்தான் ரஹ்மத் இருக்கிறாளே.

4

செங்கல்பட்டில் அதை மச்சான் கையில் கட்டுவது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. பட்டைக்குள்ளேயே ஒரு சிம் போட வேண்டும். கடையில் மச்சானின் கட்டைவிரலை வைத்தால் மெஷின் எடுக்கவில்லை. பல வருடம் ஐஸிலும் மீன் செதிலிலும் தேய்ந்து ரேகை மழுங்கிவிட்டது. கடைக்காரப் பெண் பத்து விரலையும் வைக்கச் சொன்னாள், துடைத்து வைக்கச் சொன்னாள், ஊதி வைக்கச் சொன்னாள். மச்சான் கால் விரலை வைக்கட்டுமா என்று கேட்டார். கடைசியில் அக்கா வந்து விரல் வைத்தாள், சிம் அவள் பெயரில் வந்தது.

கணக்கு என் பெயரில் இருந்தது. பட்டையைக் கட்டுகிறவர் உங்களுக்கு என்ன உறவு என்று அந்தச் செயலி கேட்டது. கணவன் அல்லது மனைவி, குழந்தை, நோயாளி, வளர்ப்புப் பிராணி என்று நான்கு உறவுகள்தான் அதற்குத் தெரிந்திருந்தன. மச்சானுக்கு இடமில்லை. நஸ்ரின் வளர்ப்புப் பிராணியைத் தொடப் போனாள், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். நோயாளி என்று போட்டோம். இருக்கும் இடத்தைக் காட்டுவதற்குத் தனிச் சந்தா என்றது. மச்சான் எங்கே போகிறார் என்பது ஊருக்கே தெரியும், அதற்கு எதற்குச் சந்தா என்று விட்டுவிட்டேன்.

எந்தக் கெட்ட பழக்கத்தை விட விரும்புகிறீர்கள் என்பது அடுத்த கேள்வி. எனக்கு இன்னா கெட்ட பழக்கம் கீது என்று மச்சான் அப்பாவியாகக் கேட்டார். சமையலறையிலிருந்து அக்கா ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லி முடிக்க நேரமாகும் போலிருந்ததால், முதலில் சொன்ன சிகரெட்டையே நஸ்ரின் பதிந்தாள். டாக்டர் நிறுத்தச் சொல்லி, நிறுத்திவிட்டதாக மச்சானும் சொல்லிக்கொண்டிருந்த சிகரெட் அது.

அன்று மதியம் பிரியாணி. பட்டை வலது கையில் இருந்தது. முதல் வாய் எடுத்ததும் நடுங்கியது. இரண்டாம் வாய்க்கும் நடுங்கியது. கரண்டியால் சாப்பிடுகிற ஊரில் செய்த பொருள், கையால் சாப்பிடுகிறவனைப் பார்த்ததும் பெரிய புகைகாரன் என்று நினைத்துவிட்டது. அக்கா ஸ்பூன் கொண்டுவந்து வைத்தாள். பிரியாணிக்கு ஸ்பூன் போட்டதற்காக மச்சான் அவளைப் பார்த்த பார்வையில், நான்தான் அவசரமாகப் பட்டையைக் கழற்றி இடது கையில் கட்டினேன். கட்டியதும் அவர் முகம் வாடியது. காரணத்தை அக்காதான் சொன்னாள். வலது கை எப்போதும் மீனில் இருப்பதால் அவர் சிகரெட் பிடிப்பது இடது கையில். சாப்பிடுவது வலதில். பட்டை தானாகவே சரியான கைக்கு வந்து சேர்ந்திருந்தது.

5

நாங்கள் கனடா திரும்பிய பிறகு இந்தக் கைப்பட்டை எங்கள் வீட்டில் என்ன செய்தது என்று சொல்ல வேண்டும்.

நஸ்ரின் ஊர் உறவுகளோடு பேசுவதில்லை. போனை அவள் முகத்துக்கு நேராகக் காட்டினால் சலாம் சொல்வாள், நல்லா இருக்கேன் என்பாள், பரீட்சை இருக்கிறது என்று ஓடிவிடுவாள். வருடம் முழுவதும் பரீட்சை எழுதுகிற பள்ளிக்கூடம் அது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பினோம். ‘உணவு உண்டீர்களா’ என்று கேட்கக் கற்றுக்கொண்டாள், அதை யாரிடமும் கேட்கவில்லை. அவள் எங்களை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் சொற்பொழிவாகப் பேசுவேன், அவள் இன்னும் நகர்வாள்.

மச்சானின் அதிகாலை, எங்களுக்கு முந்தைய நாள் மாலை. அவள் பள்ளியிலிருந்து வந்து தின்பண்டம் தேடுகிற நேரம். பட்டை நடுங்கியும் மச்சான் அசையவில்லை என்றால் எங்கள் போனில் ஒரு கேள்வி வரும். உங்கள் நோயாளி எழவில்லை, நீங்கள் உதவுகிறீர்களா என்று கேட்கும். முதலில் நான்தான் பொத்தானை அழுத்தினேன். இரண்டே நாளில் நஸ்ரின் அதைத் தன் போனுக்கு மாற்றிக்கொண்டாள். உலகத்தின் மறுபக்கத்தில் தூங்கும் பெரிய மனிதர் ஒருவருக்கு ஷாக் வைக்கும் உரிமை எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும்?

பட்டையின் பக்கவாட்டில் உள்ள பித்தானை அழுத்தினால் இங்கே அவள் போன் உறுமும் என்பதை மச்சான் அவராகவே கண்டுபிடித்தார். அதிலிருந்து எழுந்ததும் டப் டப் என்று இரண்டு அழுத்து அழுத்துவார். எழுந்துவிட்டேன் தாயே, விட்டுவிடு என்று அர்த்தம். பிறகு குரல் பதிவுகள் வர ஆரம்பித்தன.

“யம்மா நஸ்ரின், நீ வெக்கிற ஷாக்கு ரொம்ப ஓவரா கீது. மாமா வயசானவன். பாத்து வையி.”

இதை அவள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். ஒரு நாள் சமையலறைக்கு வந்து, “அம்மா, சோறு கீதா?” என்றாள். ரஹ்மத் தஞ்சாவூர்க்காரி. சனிக்கிழமை வகுப்புக்கு நாங்கள் பனியில் வண்டி ஓட்டிய ஓட்டமெல்லாம் இதற்குத்தானா என்று என்னைத்தான் முறைத்தாள். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. இத்தனை வருடம் பேசியும் என் பேச்சில் ஒரு சொல்கூட அந்தப் பெண்ணின் வாய்க்குப் போய்ச் சேர்ந்ததில்லை.

6

வாராவாரம் எனக்கு ஓர் அறிக்கை வரும். ஒரு வாரம் வந்ததைப் பார்த்து நான் ரொட்டி இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். நோயாளியின் கை வாயை நோக்கிச் சென்றது நூற்றுக்கணக்கான தடவை. எல்லாம் காலை நேரத்தில், ஒரே அரை மணிக்குள். இந்த வேகத்தில் மனிதன் சிகரெட் பிடிக்க முடியாது, ஒரு ரயில் எஞ்சின் வேண்டுமானால் முடியும். ஆனால் நான் மெஷினை நம்புகிறவன். மச்சானைக் கூப்பிட்டு நுரையீரல் பற்றி நீளமாகப் பேசினேன். அக்காவிடமும் சொல்லிவிட்டேன். அவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மச்சான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை, அந்த அடக்கம்தான் எனக்குச் சந்தேகத்தைத் தந்திருக்க வேண்டும்.

நடந்தது இதுதான் என்று பின்னால் தெரிந்தது. மாமல்லபுரத்தில் மச்சான் டீ குடிக்கிற கடையின் மாஸ்டர் ஏகாம்பரத்துக்குப் பல நாளாக மணிக்கட்டில் வலி. மச்சான் பட்டையைக் கழற்றி, இது கைவலிக்குக் கனடாவிலிருந்து வந்த கரண்ட் வைத்தியம் என்று சொல்லி அவர் கையில் மாட்டிவிட்டு, ஓரமாகப் போய் நிம்மதியாக ஒரு சிகரெட் பிடிப்பார். மாஸ்டர் டீ ஆற்றுவார். ஒவ்வொரு ஆற்றுக்கும் கை மேலே போகும், பட்டை நடுங்கும். வைத்தியம் நடக்கிறது என்று மாஸ்டருக்கு ஒரே சந்தோஷம். கிளம்பும்போது மச்சான் திரும்ப வாங்கிக் கட்டிக்கொள்வார். அதிலே அவர் ஒழுங்கு.

7

போன வாரம், பாயசம் வைத்த அன்று மாலை. நான் மேசையில் உட்கார்ந்திருந்தேன், நஸ்ரின் வழக்கம்போலப் பொத்தானை அழுத்தினாள். போன் உறுமியது. நீளமாக ஒன்று, கொஞ்சம் பொறுத்துக் குட்டியாக மூன்று, மறுபடியும் நீளமாக.

“டாட், இது மாமா இல்ல” என்றாள்.

தூக்கக் கலக்கமாக இருக்கும் என்றேன். அவள் மறுபடி அழுத்தினாள். மறுபடியும் ஏதோ ஒரு கை, தெரியாத கை, தாறுமாறாக அழுத்தியது. கட்டியிருப்பவர் விழித்திருக்கிறார், நடமாடுகிறார் என்று திரை காட்டியது. எங்கே என்று காட்டவில்லை. நான் மிச்சம் பிடித்த சந்தா.

மச்சானுக்குப் போட்டேன், எடுக்கவில்லை. அக்காவுக்குப் போட்டேன், எடுக்கவில்லை. வேற யாரோ ஏன் கட்டியிருக்காங்க என்று நஸ்ரின் கேட்டாள். என் மனம் அந்தத் திருக்கழுக்குன்றம் சாலைக்குப் போய்விட்டது. ஒரு மனிதனின் கையிலிருக்கும் கடிகாரத்தை இன்னொருவன் எப்போது கழற்றி எடுத்துக்கொள்வான் என்று யோசித்தால் ஒரே ஒரு பதில்தான் வந்தது. ரஹ்மத் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். மூன்றாவது தடவை எண்ணைத் தப்பாக அழுத்தினேன். மகள்தான் போனை வாங்கி விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

எத்தனையாவது தடவையோ, அக்கா எடுத்தாள்.

“இன்னாடா? மணி இன்னா?”

தூங்கிக்கொண்டிருந்தாள். மச்சான் எங்கே என்று கத்தினேன். பக்கத்தில் குறட்டை கேட்டது. இரண்டு பேரும் நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். அக்கா போனில் அலாரம் வைப்பதையே விட்டுவிட்டாளாம். அதுதான் நம்ம பாப்பா எழுப்பிடுதே என்றாள். செங்கல்பட்டில் ஒரு வீடு முழுவதும் கனடாவில் இருக்கும் ஒரு பிள்ளையை நம்பிக் கண் மூடிக் கிடந்திருக்கிறது. நாங்கள் மூன்று பேர் இங்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தோம். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதைக் கோபமாக மாற்றிக்கொண்டேன்.

அக்கா விளக்கைப் போட்டாள். மச்சானின் இடது கை வெறுமையாக இருந்தது. அப்புறம் எல்லாம் வெளியே வந்தது. கைவலி வைத்தியம், ஓரத்து சிகரெட், டீ ஆற்றிய கணக்கு எல்லாம். முந்தின நாள் மாஸ்டர், வலி நல்லாக் குறையுது, ஒரே ஒரு நாள் கையிலயே கீட்டும் அண்ணாத்த என்று கெஞ்சியிருக்கிறார். மச்சானுக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பால் காய்ச்ச மாஸ்டர் எழுவதும் அதே நேரம்தான். பாவம், கரண்ட் ஏன் நிற்கவில்லை என்று தெரியாமல் அவர்தான் அங்கே பித்தானை அழுத்தித் தள்ளியிருக்கிறார்.

அக்காவுக்கு சிகரெட் பெரிதாகப் படவில்லை. ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டாள். நேற்று அந்த ரோட்டில் இது இல்லாமலா வண்டி ஓட்டிக்கொண்டு வந்தாய்? மச்சான், ஒரு நாள்தானே என்றார். நான் ஆரம்பித்தேன். மின்கம்பம், நுரையீரல், பொறுப்பு, குடும்பம், எதையும் விடவில்லை. மச்சான் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ‘ம்’ எனக்குத் தெரியும். நாளைக்கும் ஒரு நாள்தானே என்பார்.

நஸ்ரின் என் கையிலிருந்து போனை எடுத்துக்கொண்டாள். அதற்கு முன் தன் போனில் எதையோ தட்டினாள்.

“மாமா, நீ சிகரெட் பிடி. அத நான் அழிச்சிட்டேன். இனிமே கை எங்க போனாலும் ஒண்ணும் பண்ணாது, யாருக்கும் சொல்லாது. ஆனா கழட்டாத. நீ முழிச்சிகினு இருக்கணும். எனக்கு அது மட்டும் போதும்.”

பெரியவரை நீ என்று கூப்பிட்டதை ரஹ்மத்கூடத் திருத்தவில்லை. நாங்கள் எல்லாரும் சேர்ந்து மச்சானை நல்லவராக ஆக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்தப் பெண்ணுக்கு அவர் உயிரோடு இருந்தால் போதும் என்று இருந்திருக்கிறது. மச்சான் எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் மனிதர்.

“சரிம்மா” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அன்று அவர் வண்டியை எடுக்கவில்லை. காய்ச்சலிலும் மழையிலும் ஏலத்துக்குப் போனவர், சாவியை அக்கா கையில் கொடுத்துவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து மாமல்லபுரம் போனார். மாஸ்டரிடம் உண்மையைச் சொல்லிப் பட்டையை வாங்கிக் கட்டிக்கொண்டு, நஸ்ரினுக்கு ஒரு குரல் பதிவு போட்டுவிட்டு, பஸ்ஸிலேயே திரும்பிக்கொண்டிருந்தார். நாங்கள் ஆறிப்போன பாயசத்தைச் சாப்பிட்டு முடித்திருந்தோம். நஸ்ரின் போனில் எச்சரிக்கை வந்தது. உங்கள் நோயாளிக்குக் கண் செருகுகிறது, பட்டை நடுங்கியும் அசையவில்லை, நீங்கள் உதவுகிறீர்களா என்று கேட்டது. பயந்துபோய் அவள் கையைப் பார்த்தேன், அது பொத்தானுக்குப் போகவில்லை.

“பஸ்லதான் வந்துகினு இருக்காரு” என்றாள். “தூங்கட்டும்.”